காசு கொடுத்த காவலும் இலவசக் காவலும்

வீட்டில் கணிப்பொறி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: வைரஸ் தடுப்பு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, இலவசமாகக் கிடைப்பது போதுமா? விடை சொல்வதற்கு முன், எங்கள் சித்திரபுரத்தில் இரண்டு வீடுகளில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் இருந்தது. மற்ற வீட்டில் இலவச மென்பொருள். இரண்டு வீட்டிலும் வைரஸ் நுழைந்தது. ஏன் நுழைந்தது என்று பார்த்தால் பாடம் தானாக விளங்கும்.

முதல் வீடு

2014 ஆம் ஆண்டு. போடியில் நடந்த அறுபதாம் கல்யாணத்தை உறவுக்காரப் பையன் ஒருவன் தன் கேமராவில் படம் எடுத்தான். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, கேமராவில் இருந்ததை அழித்துவிட்டான். வேறு பிரதி கிடையாது. இரண்டு படங்களை அச்சுப் போட ஒரு கடையில் அந்தப் பென் டிரைவைச் செருகினார்கள். பிறகு வீட்டுக் கணிப்பொறியில் செருகினால், படங்கள் இருந்த இடத்தில் ஒரே ஒரு ஷார்ட்கட் சின்னம். அதைச் சொடுக்கியதும் வைரஸ் வீட்டுக் கணிப்பொறியிலும் ஏறிக்கொண்டது.

அந்தக் கணிப்பொறிக்கென்று வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருளின் அட்டைப்பெட்டி அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஆனால் ஓராண்டுச் சந்தா முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. திரையின் மூலையில் வந்த எச்சரிக்கையை வீட்டார் தினமும் மூடிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பழுது பார்க்கும் கடையில், "பார்மட் பண்ணித்தான் தர முடியும். உள்ளே இருப்பது போய்விடும்" என்றார்கள்.

அந்த வீட்டுப் பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பென் டிரைவைப் பள்ளிக்குக் கொண்டுபோய், ஆசிரியையிடம் கேட்டு, அங்குள்ள கணிப்பொறியில் போட்டுப் பார்த்தாள். அத்தனை படங்களும் இருந்தன!

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்த வகை வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றின் மேல் 'மறைந்தது' என்ற குறியைப் போட்டுவிட்டு, முன்னால் ஒரு போலி ஷார்ட்கட்டை வைக்கிறது. விண்டோஸ் அந்தக் குறிக்குக் கட்டுப்பட்டுக் கோப்புகளைக் காட்டாமல் விடுகிறது. கேரள அரசுப் பள்ளிகளில் ஓடுவது கட்டற்ற மென்பொருளான லினக்ஸ். அது அந்தக் குறியைப் பொருட்படுத்துவதில்லை. விண்டோஸுக்கு எழுதப்பட்ட வைரஸ் அதில் ஓடுவதும் இல்லை. கடையில் பார்மட் செய்திருந்தால், இருந்த படங்களை நாமே அழித்திருப்போம்.

இரண்டாவது வீடு

இது 2019 இல் நடந்தது. அந்த வீட்டு இளைஞர் போட்டுவைத்திருந்தது இலவச மென்பொருள். அது தினமும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு ஒழுங்காகவே வேலை செய்தது. ஒருநாள் அவர், விலைகொடுத்து வாங்க வேண்டிய வீடியோ எடிட்டிங் மென்பொருளின் திருட்டுப் பிரதி ஒன்றை இறக்கினார். காவல் மென்பொருள் உடனே தடுத்தது. "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்" என்று அந்தப் பிரதியோடு வந்த குறிப்பில் எழுதியிருந்தது. அவரும் அணைத்தார்.

மறுநாள் காலையில் எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புதிய ஒட்டு ஒன்று முளைத்திருந்தது. எதுவும் திறக்கவில்லை. 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி போதும் என்று ஒரு கடிதம். திருட்டு மென்பொருள்கள் வழியே அந்த ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய 'ஸ்டாப்' என்னும் பிணைத்தொகை வைரஸின் வழக்கமான கடிதம் அது.

அம்மா எழுதிவந்த மகளிர் குழுக் கணக்கும் அதில் போயிற்று. பாஸ்புத்தகங்களை வீடு வீடாக வாங்கி அதைத் திரும்ப எழுதிவிட்டார்கள். மறைந்துபோன அப்பாவின் படங்களை அப்படித் திரும்ப எழுத முடியவில்லை. எம்சிசாப்ட் என்னும் நிறுவனம் 2019 அக்டோபரில் இந்த வைரஸின் பல வகைகளுக்கு இலவச மீட்பு நிரல் வெளியிட்டது. இவர்கள் வீட்டில் புகுந்த வகைக்கு அது உதவவில்லை.

காவல் வேலை செய்யும் விதம்

ஐபிஎம் வகைக் கணிப்பொறிகளைத் தாக்கிய முதல் வைரஸ் 1986 இல் வந்த 'பிரெய்ன்'. லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதியது. அதற்குப் பின் வைரஸைத் தடுப்பதே ஒரு தொழிலாயிற்று. நம் சென்னையில் 1991 இல் கேசவர்தனன் தொடங்கியதுதான் கே7 கம்ப்யூட்டிங். புனேயில் கணக்கீட்டு இயந்திரங்களும் கணிப்பொறிகளும் பழுது பார்த்துவந்த கைலாஷ் காட்கரும் அவர் தம்பி சஞ்சயும் உருவாக்கியது குவிக் ஹீல்.

இந்த மென்பொருள்கள் இரண்டு வழிகளில் வேலை செய்கின்றன. முதல் வழி அடையாளம். காவல் நிலையத்தில் பழைய திருடர்களின் படங்களை மாட்டிவைப்பதைப்போல, தெரிந்த வைரஸ்களின் அடையாளப் பட்டியலை வைத்து ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிடுவது. இரண்டாவது வழி நடத்தை. ஒரு நிரல் திடீரென்று நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றத் தொடங்கினால், பெயர் தெரியாவிட்டாலும் சந்தேகப்பட்டுப் பிடிப்பது.

முதல் வீட்டில் பட்டியல் எட்டு மாதம் பழையது. இரண்டாவது வீட்டில் காவலரையே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆக இரண்டு இடத்திலும் தோற்றது விலை அல்ல.

இலவசம் எப்படி இலவசம்?

பெரும்பாலான நிறுவனங்கள் இலவசப் பதிப்பைக் கொடுப்பது, ஒருநாள் நாம் காசு கொடுத்து வாங்குவோம் என்ற நம்பிக்கையில்தான். அடிக்கடி வரும் விளம்பரங்கள் அதற்காகவே. ஆனால் வேறு விலையும் இருக்கலாம். அவாஸ்ட் நிறுவனம் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக, பயனர்கள் எந்தெந்த வலைத்தளங்களைப் பார்க்கிறார்கள் என்ற விவரத்தை விற்றது 2020 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. அமெரிக்க வணிக ஆணையம் 2024 இல் அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

விண்டோஸோடு கூடவே வரும் காவலும் ஒன்று உண்டு. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிபெண்டர் என்னும் முழுமையான வைரஸ் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தில் அதன் பெயர் அவ்வளவு நன்றாக இல்லை. ஆனால் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற பரிசோதனைக்கூடங்களில் அண்மை ஆண்டுகளில் அது விலையுள்ளவற்றுக்கு இணையான மதிப்பெண் பெற்றுவருகிறது. அதற்குச் சந்தா முடியும் நாள் என்று ஒன்று இல்லை. முதல் வீட்டுக்கு நேர்ந்தது இதில் நேராது.

அப்படியானால் காசுக்கு என்ன கிடைக்கிறது? சிக்கல் வந்தால் தொலைபேசியில் உதவி, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, ஒரே சந்தாவில் பல கருவிகள். இவை வேண்டியவர்கள் வாங்கலாம். வாங்கினால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்த விலையுள்ள மென்பொருளைவிட, தினமும் புதுப்பித்துக்கொள்ளும் இலவச மென்பொருள் மேல்.

காவல் மட்டும் போதாது

2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்னும் பிணைத்தொகை வைரஸ் உலகை உலுக்கியது. கேரளத்தில் வயநாடு மாவட்டத்தின் தரியோடு ஊராட்சி அலுவலகமும், பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகமும் அதில் சிக்கின. அந்த வைரஸ் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கழித்தும் அதைப் போடாதிருந்த கணிப்பொறிகளில் புகுந்துதான் அது உலகெங்கும் பரவியது. கதவில் காவலர் நிற்கலாம். சுவரில் ஓட்டை இருந்தால் என்ன செய்வது?

விண்டோஸ் 10 க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒரு காவல் மென்பொருள் போதும். இரண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல்.

2. அது இன்று புதுப்பிக்கப்பட்டதா என்று வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். விண்டோஸ் திருத்தங்களையும் தள்ளிப்போடாதீர்கள்.

3. "ஆன்டிவைரஸை அணைத்துவிடு" என்று கேட்கும் எதையும் நிறுவாதீர்கள்.

4. கடைக்குப் போய்வந்த பென் டிரைவை முதலில் சோதித்துவிட்டுத் திறவுங்கள். கோப்புகள் காணாமல் போனால், லினக்ஸ் உள்ள கணிப்பொறியில் பார்க்கும் வரை பார்மட் செய்ய விடாதீர்கள்.

5. மத்திய அரசு 2017 இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவில் வைரஸ் நீக்கும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

6. இழக்கக் கூடாதவற்றுக்கு இரண்டாவது பிரதி எடுத்து, அதைக் கணிப்பொறியோடு இணைக்காமல் தனியே வையுங்கள். செருகியே இருக்கும் பிரதியையும் பிணைத்தொகை வைரஸ் பூட்டிவிடும்.

ஆறில் எதையாவது மறந்தாலும் ஆறாவதை மறக்க வேண்டாம். அறுபதாம் கல்யாணப் படங்கள் இன்று மூன்று வீடுகளில் இருக்கின்றன. இரண்டாவது வீட்டில் அப்பாவின் படமாக மிஞ்சியிருப்பது, சுவரில் மாட்டியிருக்கும் ஒன்றுதான். அதுவும் யாரோ முன்பே அச்சுப் போட்டு வைத்ததால் பிழைத்தது. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் படங்களுக்கு ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.