படுக்கையருகே நிற்பவரின் கடமைகள்

கொல்கத்தா மருத்துவமனைகளில் நோயாளியுடன் வரும் உறவினருக்கு ஒரு தனிப் பெயர் உண்டு: ‘பேஷண்ட் பார்ட்டி’. படுக்கை எண்ணைச் சொல்லி ஒலிபெருக்கியில் அழைத்தால் நாம் ஓட வேண்டும். கணவனோ மனைவியோ கடுமையாக நோயுற்றுக் கிடக்கும்போது அந்தப் ‘பார்ட்டி’யின் வேலை என்ன? கையெழுத்திடுவதும் பணம் கட்டுவதும் மட்டுந்தானா? நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டில் இருவர் மட்டுமே. ஒருவர் படுத்தால் மற்றவரே எல்லாம். ஆகவே இதை ஒரு பாடமாகவே படித்து வைத்துக்கொள்வது நல்லது.

2019ஆம் ஆண்டு என் மனைவி கில்லன்-பாரே நோயால் தாக்கப்பட்டு, தென் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையில் 31 நாட்கள் இருந்தாள். அந்த அனுபவத்தையும், பின்னர் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

1. நோயை அறிதல்

முதல் கடமை, நோயின் பெயரையும் போக்கையும் தெரிந்துகொள்வது. கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் 1916இல் விவரித்த நோய் இது. வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போன சில நாட்களில், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கத் தொடங்குகிறது. பாதத்தில் தொடங்கும் தளர்ச்சி மேல்நோக்கி ஏறுகிறது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே வரும். 2025 ஜனவரியில் புனே நகரில் பலருக்கு ஒரே சமயத்தில் வந்தபோதுதான் இதன் பெயர் பரவலாகத் தெரிந்தது.

இந்நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மூச்சுத் தசைகள் தளர்ந்து, வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. ஆனால் பெரும்பாலோர் ஆறு மாதத்திற்குள் பிறர் துணையின்றி நடக்கிறார்கள். இந்த இரண்டு செய்திகளையும் டாக்டர் எனக்கு ஒன்றாகவே சொன்னார். முதலாவது நடந்தபோது இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது. ‘நிலைமை எப்படி?’ என்று கேட்பதைவிட, ‘அடுத்த இரண்டு வாரத்தில் என்னென்ன நேரலாம்?’ என்று கேளுங்கள். பதில் தெளிவாகக் கிடைக்கும்.

2. நோயாளியின் வாயாக இருத்தல்

இந்நோயில் உடல்தான் தளர்கிறது. பொதுவாக அறிவு தெளிவாக இருக்கும். என் மனைவி 17 நாட்கள் வென்டிலேட்டரில் இருந்தாள். எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும்; பேச முடியாது, கையசைக்க முடியாது. செவிலியரோ வங்காளத்தில் பேசுபவர்கள்.

ஒரு செவிலியரின் யோசனைப்படி, கண்ணை மேலே உயர்த்தினால் ‘ஆம்’, பக்கவாட்டில் திருப்பினால் ‘இல்லை’ என்று வைத்துக்கொண்டோம். பின் ஓர் எழுத்தட்டை செய்தேன். தமிழுக்கு 247 எழுத்துகள் ஆயிற்றே என்று மலைக்க வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் எழுதினால் போதும். முதலில் மெய்யை ஒவ்வொன்றாகச் சுட்டிச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை உயர்த்தியதும் நிறுத்தி, அடுத்து உயிரைச் சொல்ல வேண்டும். ‘த்’ என்பதில் ஒருமுறை, ‘ஆ’ என்பதில் ஒருமுறை கண் உயர்ந்தால் ‘தா’. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு நேரே உயிர் வரிசைக்குப் போகலாம்.

அவள் முதலில் சொன்ன சொல் ‘கண்’. முகத் தசை தளர்ந்ததால் இமைகள் முழுதும் மூடவில்லை. இரவெல்லாம் கண் காய்ந்து எரிந்திருக்கிறது. அன்றே சொட்டு மருந்து தொடங்கி, தூங்கும்போது இமையை மெல்லிய பட்டையால் ஒட்டி வைத்தார்கள். எந்தக் கருவியும் காட்டாத துன்பம் அது.

அட்டையின் பின்புறம் செவிலியருக்காகச் சில வங்காளச் சொற்களை வங்க எழுத்தில் எழுதி வைத்தேன்: தண்ணீருக்கு ‘ஜொல்’, வலிக்கு ‘ப்யதா’, மூச்சுத் திணறலுக்கு ‘ஷ்வாஷ்கொஷ்டோ’. பார்வை நேரம் முடிந்து நாம் வெளியே வந்த பிறகும் அந்த அட்டை உள்ளே பேசிக்கொண்டிருக்கும்.

3. சம்மதம் யாருடையது?

பன்னிரண்டாம் நாள், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்த வேண்டும் என்றார்கள். படிவம் என் கையில் இருந்தது. ஆனால் டாக்டர் முதலில் அவளிடம் விளக்கி, அவள் கண்ணை உயர்த்திய பிறகே என்னைக் கையெழுத்திடச் சொன்னார்.

அதுதான் சட்டமும்கூட. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய தாயின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கருப்பையை அகற்றியது செல்லாது. முடிவெடுக்கும் நிலையிலுள்ள வயதுவந்த நோயாளியின் சம்மதமே வேண்டும். உயிரைக் காக்கும் அவசரம் மட்டுமே விதிவிலக்கு என்பது தீர்ப்பு. கணவன் மனைவிக்கும் இது பொருந்தும். நாம் அவர்களுடைய குரலைக் கொண்டு சேர்ப்பவர்களே அன்றி, அவர்களுக்குப் பதிலாக முடிவெடுப்பவர்கள் அல்ல.

4. எழுதி வைத்தல்

ஒரு சிறிய நோட்டில் தேதி, நேரம், வந்த டாக்டர், மாறிய மருந்து, அளவு ஆகியவற்றை எழுதி வாருங்கள். இதன் தேவையை உணர்த்த நம் நகரத்து வழக்கு ஒன்றே போதும். 1998இல் அமெரிக்காவிலிருந்து கொல்கத்தா வந்திருந்த அனுராதா சாஹாவுக்குத் தோலில் தடிப்பு கண்டு, நோய் முற்றி, மும்பைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மே 28 அன்று காலமானார். கணவர் குணால் சாஹா தாமே ஒரு மருத்துவர்; 15 ஆண்டுகள் வழக்காடினார். எந்த ஸ்டீராய்டு மருந்து, எந்த அளவில் எழுதப்பட்டது என்பது வழக்கின் மையமாக இருந்தது. குற்றவியல் குற்றம் இல்லை, ஆனால் சிகிச்சையில் கவனக்குறைவு உண்டு என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2013 அக்டோபரில் வட்டி நீங்கலாகச் சுமார் 6 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. கணவர் சிகிச்சையில் தலையிட்டார் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 10 விழுக்காடு குறைத்திருந்ததையும் ஏற்கவில்லை.

டாக்டர்களைச் சந்தேகிக்க நான் இதைச் சொல்லவில்லை. என் நோட்டைப் பார்த்தே இரவு டாக்டர் ஒருவர் பகலில் நடந்ததை விரைவாகப் புரிந்துகொண்டார். குறிப்பு இருவருக்கும் உதவும். மேலும், மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.

5. பணம்

இந்நோய்க்கான இம்யூனோகுளோபுலின் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாட்கள் தரப்படுகிறது. 60 கிலோ எடையென்றால் மொத்தம் 120 கிராம், விலையும் அதிகம். எனவே அளவையும் நாட்களையும் முன்கூட்டியே கேட்டறிந்து காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவியுங்கள். பணமில்லாச் சிகிச்சைக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்திலும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் விதித்துள்ளது. தனியார் மருத்துவமனைக் கட்டணம் பற்றிய முறையீடுகளுக்கு, மேற்கு வங்கத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.

6. நிற்பவரும் விழக்கூடாது

இரவு முழுதும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அன்பு அல்ல. மறுநாள் டாக்டர் சொல்வது காதில் ஏறாது. எனக்காக மூன்று சங்க அன்பர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் சாப்பாடு, ஒருவர் பில் கவுண்டர், ஒருவர் உறவினர்களுக்குத் தொலைபேசி. உதவி வேண்டுமா என்று கேட்பவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லாமல், ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கொடுங்கள்.

என் மனைவி ஐந்தாம் மாதம் ஊன்றுகோலுடன் லேக் மார்க்கெட் வரை நடந்தாள். இன்று கோல் இல்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் கைப்பிடி வேண்டும்.

அந்த எழுத்தட்டையை அவளே திருத்தி, பெரிய எழுத்தில் புதிதாக எழுதித் தந்திருக்கிறாள். சங்க நூலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் படியெடுத்துக்கொள்ளலாம்.