மொய் நோட்டு: உங்க கடன் லிஸ்ட்ல இது இருக்கா?

சம்பளம் 30,000. ஆவணியில மட்டும் அஞ்சு பத்திரிகை. ஆளுக்கு 1,001 எழுதினாலே 5,005 ரூபாய், பஸ் செலவு தனி. "உன் காதுகுத்துக்கு வந்து செஞ்சவங்கடா"ன்னு அம்மா ஒரு வார்த்தை சொன்னா போதும், கையில காசு இருக்கோ இல்லையோ கிளம்பிடுவீங்க.

ஊரோட ஒத்துப்போற வழக்கம்னு மட்டும் இதைப் பார்க்கிறதால, பட்ஜெட்ல இதுக்கு இடமே இல்ல. உண்மையில் மொய் என்பது பேர், ஊர், தொகை எழுதி வைக்கிற கடன். புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து வைப்பாங்க. திரண்ட பணத்துல கடை போடுறவங்க உண்டு, நிலம் வாங்குறவங்க உண்டு. வாங்கினதுக்கு மேல கொஞ்சம் சேர்த்துத் திருப்பணும்னு அங்க எல்லாருக்கும் தெரியும்.

ஒரு கணக்கு போடலாம். 2012-ல உங்க வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் 1,000 எழுதினார். 2024-ல நீங்க 2,000 செய்றீங்க. 12 வருஷத்துல ரெட்டிப்பு, அதாவது வருஷத்துக்கு சுமார் 6% வட்டி. நியாயமான கடன்தான். ஆனா கையில காசில்லாம அதை கிரெடிட் கார்டுல உருட்டினா? மாசம் 3.5%னு வச்சாலே வருஷத்துக்கு 42%. ஆறு சதவீதக் கடனை நாற்பத்திரண்டு சதவீதக் கடனால அடைக்கிறோம், மானத்துக்காக!

இந்த வாரம் வீட்டுல அந்தப் பழைய நோட்டை எடுங்க. யாருக்கு எவ்வளவு திருப்பணும், அந்த வீடுகள்ல கல்யாண வயசுல யார் இருக்காங்கன்னு அம்மாகிட்டயே கேளுங்க. வருஷத்துக்கு 18,000 வருதுன்னா, மாசம் 1,500 தனி ஆர்.டி. இதுல கை வைக்காதீங்க; வாங்கினதைத் திருப்பாம விடுறது சிக்கனம் ஆகாது.

குறைக்க வேண்டிய இடம் வேற. பக்கத்து டீம்ல யாரோ வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்புறாங்க, குரூப்ல எல்லாரும் 500 போடுறாங்க, நாமளும் போடுறோம். அந்தப் பேர் உங்க நோட்டுல இல்ல. 200 போடுங்க, இல்லன்னா நேர்ல போய் வாழ்த்திட்டு வாங்க. யார் எவ்வளவு போட்டாங்கன்னு அடுத்த மாசம் அங்க ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

வரி பத்தியும் கேட்பீங்க. உங்க கல்யாணத்துக்கு உங்களுக்கு வர்ற மொய்க்கு வருமான வரி கிடையாது. கிரகப்பிரவேசம், காதுகுத்துக்கெல்லாம் அந்தச் சலுகை இல்ல. உறவினர் அல்லாதவங்க கொடுத்தது ஒரு நிதியாண்டுல 50,000 தாண்டினா, மொத்தத் தொகைக்கும் வரி. இதுல வேடிக்கை, சித்தப்பா சட்டப்படி உறவினர். சித்தப்பா மகன் இல்ல.