சிறு கணினிக்குத் தொடுதிரை பூட்டும் முறை

தொடுதிரையை அறியாதார் இன்று மலையகத்திலும் இலர். லயத்துக் காம்பிராக்களிலே பாலர் முதல் பாட்டியர் ஈறாக அனைவரும் கைத்தொலைபேசியைத் தொட்டுத் தொட்டுப் பழகிவிட்டனர். ஆயினும் அது பிறர் செய்து மூடி முத்திரையிட்ட திரை. அதன் உள்ளே நிகழ்வது யாதென நாம் வினவுவதில்லை. திரையையும் கணினியையும் தனித்தனியே வாங்கி, நம் கையாலேயே ஒன்றோடொன்று பூட்டிப் பார்க்கும்போதுதான் அதன் இயல்பு விளங்குகின்றது. எம் கல்லூரி மாணவர் சிலரோடு கூடி அவ்வாறு செய்த வேலையை ஒரு பாடமாக எழுதித்தருமாறு யூபிலி மலர்க் குழுவினர் பணித்தமையால் இக்கட்டுரை எழுந்தது.

மாணவர் எடுத்துக்கொண்ட வேலையை முதலிற் சொல்லிவிடுகிறேன். ராகலையைச் சூழ்ந்த தோட்டங்களிலே கொழுந்து நிறுக்கப்படுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மடுவங்கள் பலவற்றிலே தராசின் எண் கணக்கப்பிள்ளையின் பக்கமே திரும்பியிருக்கும். கொழுந்தோடு நிற்கும் தாய், அவர் வாயாற் சொல்லும் எண்ணைக் கேட்டுக்கொள்வாள். சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கப்பட்டதென்பது அவளுக்குத் தெரியாத வேளைகள் பல. குறித்த நிறைக்குக் குறைந்தால் முழுப்பேர் விழாது அரைப்பேர் விழுவதுமுண்டாதலின், சில நூறு கிராம் அவளுக்கு அற்பமன்று. அவள் முகத்துக்கு நேரே ஒரு திரை இருந்து, மொத்த நிறை, கழிவு, மிச்சம் என்னும் மூன்றையும் தமிழிலே காட்டினால் என்ன? அதன் நடுவே இடப்புறம் ‘சரி’ என்றும் வலப்புறம் ‘மீண்டும் நிறுக்க’ என்றும் இரு பொத்தான்கள் இருந்து, அவள் தானே தொட்டு விடை சொன்னால் என்ன? இதுவே மாணவரின் எண்ணம். கல்லூரிக் கண்காட்சிக்காக ஒரு மாதிரியைச் செய்ய முற்பட்டனர். நிறையைத் தராசிலிருந்து தானாகப் பெறுவது வேறொரு பாடமாதலின் அதனை இங்கே விடுகிறேன்.

கணினி, ராஸ்பெரி பை என்பது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலே உருவாகி 2012 பெப்ரவரி 29 இல் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. ஒரே பலகையிலே செயலி, நினைவகம், இணைப்புத் துளைகள் யாவும் அமைந்தது. அகலம் ஏறத்தாழ ஓர் அடையாள அட்டையளவே. அதில் ஓடும் பணிசெயல் முறைமை லினக்ஸ். நாம் எடுத்தது இதன் நான்காம் வகை. திரையோ, அதே நிறுவனத்தார் 2015 இல் வெளியிட்ட ஏழங்குலத் தொடுதிரை. குறுக்கே 800, நெடுக்கே 480 புள்ளிகள் கொண்டது.

இனி, இப்பாடத்தின் உயிர்நாடியான செய்திக்கு வருவோம். தொடுதிரை என்பது ஒரு பொருளன்று, இரண்டு. கீழே இருப்பது படங்காட்டும் பலகை. அதன்மேல் ஒட்டியிருப்பது தொடுகையை உணரும் கண்ணாடி. படங்காட்டும் பலகைக்குத் தன்மேல் விரல் பட்டது தெரியாது. உணரும் கண்ணாடிக்குத் தன் அடியிலே என்ன படம் தோன்றுகிறதென்பது தெரியாது. ஒரு வீட்டிலே குடியிருந்தும் ஒருவரோடொருவர் பேசாத இருவரைப் போன்றவை அவை. இருவருக்கும் நடுநின்று பொருத்தம் செய்வது கணினியின் வேலை.

உணரும் கண்ணாடியின் தத்துவம் பழையது. மின்கடத்தியாகிய விரல் அருகே வரும்போது மின்கம்பி வலையின் கொள்ளளவம் சிறிது மாறும்; எந்த இடத்திலே மாறியதென்று அளந்தால் விரலின் இடம் தெரியும். இங்கிலாந்தின் அரச ராடர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜோன்சன் 1965 இலேயே இத்தகைய திரையைப் பற்றி எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்கு உதவுவது அவர் கருத்து.

பூட்டும் முறையைப் பார்ப்போம். முதற்கண் மின்சாரத்தை நிறுத்துக. திரையின் முதுகிலுள்ள சிறு பலகையிலிருந்து சிவப்பு வயரைக் கணினியின் நாற்பது பின் வரிசையிலே இரண்டாம் பின்னுக்கும், கறுப்பு வயரை ஆறாம் பின்னுக்கும் கொண்டுசெல்க. முன்னது 5 வோல்ற்று, பின்னது புவித்தொடுப்பு. முதலாம் பின் 3.3 வோல்ற்று மாத்திரமே தருவதாதலின், சிவப்பு வயரை அதிலே செருகினால் திரை ஒளிராது. இரண்டையும் மாற்றிச் செருகுவதோ பெரும் பிழை, திரையே கெடலாம்.

அடுத்தது நாடா வடம். இருபுறமும் உள்ள கறுப்புப் பூட்டை நகத்தால் மெல்லத் தூக்கி, வடத்தைச் சரியாக நேரே இறக்கி, பூட்டை அழுத்துக. வடத்தின் உலோகக் கோடுகள் துளையிலுள்ள உலோகத்தைப் பார்த்திருத்தல் வேண்டும். கமராவுக்குரிய துளையும் இதே உருவிலே அருகில் இருப்பதால் பெயரைப் படித்துப் பார்த்துச் செருகுக.

எம் மாணவர் ஒருவர் ஐந்தாம் வகைக் கணினி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். அதிலே இவ்வடம் செருகப்படவில்லை. பழைய வடம் 15 கோடுகள் கொண்டது. புதிய கணினியின் துளை 22 கோடுகளுக்குரியது, நெருக்கமும் மிகுந்தது. ராகலை மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. முன்னொரு காலத்திலே நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக நமது ராகலை வரையும் ஒரு சிற்றிருப்புப்பாதை இருந்தது. 1940களிலே அது மூடப்பட்டது. அதன் தண்டவாள அகலம் 2 அடி 6 அங்குலம். கொழும்பிலிருந்து வரும் பெரும்பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். ஆகையால் கொழும்பு வண்டி நேரே ராகலைக்கு வர ஒண்ணாது. சரக்கெல்லாம் நானுஓயாவிலே வண்டி மாறும். இங்கேயும் அவ்வாறே, ஒருபுறம் 22 உம் மறுபுறம் 15 உம் கொண்ட மாற்றுவடம் வாங்குதல் வேண்டும். 2024 இல் வெளிவந்த இரண்டாம் தொடுதிரையோடு இருவகை வடங்களும் சேர்ந்தே வருகின்றன.

மின்வழங்கி குறித்து ஒரு சொல். நான்காம் வகைக்கு 5 வோல்ற்று, 3 அம்பியர் தருவது வேண்டும். வீட்டிலே கிடந்த தொலைபேசிச் செருகியையும் நீண்ட மெல்லிய வயரையும் பயன்படுத்தினால் வழியிலேயே அழுத்தம் இறங்கிவிடும். 4.63 வோல்ற்றளவிற்குக் கீழ் இறங்கும்போது கணினி எச்சரிக்கை காட்டும். நம்மவர் திரை பழுதென்று கடைக்குத் திருப்பியனுப்பும் சந்தர்ப்பங்கள் சிலவற்றிலே உண்மையான குற்றவாளி அவ்வயரே.

இவை முடிந்து மின்னூட்டியதும் படம் தோன்றும். தொடுகை இயங்குகிறதா என்று எப்படி அறிவது? இவ்வொரே நாடாவில் படமும் தொடுகையும் வெவ்வேறு கோடுகளால் செல்கின்றன. தொடுகை செல்வது ஐ2சீ என்னும் இருகம்பித் தடத்தால். அத்தடத்தைக் கணினியில் வினவினால் பதினறும எண்ணிலே 38, 45 என்னும் இரு முகவரிகளில் ஏதோ இருப்பதாக விடை வரும். 45 திரைப்பலகையைக் கவனிக்கும் சில்லு. 38 விரலைக் கவனிக்கும் சில்லு. முன்னர்ச் சொன்ன ‘இரண்டு பொருள்’ என்னும் உண்மைக்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டா.

இனி எமக்கு நேர்ந்த பிழையைச் சொல்ல வேண்டும். மின்வயர் கூரையிலிருந்து இறங்கவேண்டியிருந்தமையால் பெட்டியைத் தலைகீழாக மாட்டினோம். படம் தலைகீழாயிற்று. மாணவர் அதனை அரைவட்டம் திருப்பும் கட்டளையை இட்டனர்; எழுத்துகள் நேரே நின்றன. எல்லோரும் கைதட்டினர். கண்காட்சிக்கு முதல்நாள், மாணவர் ஒருவரின் தாயார் கொழுந்தெடுப்பவர், பார்க்க வந்தார். கழிவு கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தது. வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தோம். அவர் திரையை உற்றுப் பார்த்து, “இது கூட இருக்கே தம்பி” என்று சொல்லி, ‘மீண்டும் நிறுக்க’ என்பதைத் தொட்டார். கணினி ‘சரி’ என்று பதிந்துகொண்டது.

எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை. கணினியைப் பொறுத்தவரையில் பிழையே நிகழவில்லை. படத்தை மாத்திரம் திருப்பினோம்; தொடுகையைத் திருப்பவில்லை. திரையின் அகலத்தையும் உயரத்தையும் ஒவ்வொன்றும் 1 எனக் கொண்டால், அவர் தொட்ட இடம் 0.75, 0.5. கண்ணாடி தன் பழைய நிலைப்படி அதனை 0.25, 0.5 என அறிவித்தது. புள்ளிக் கணக்கிலே 600, 240 என்பது 200, 240 ஆயிற்று. அங்கே இருந்தது ‘சரி’. மறுத்தவரை இசைந்தவராக்கி, இசைந்ததாக எழுத்திலும் பதிந்துவிட்டது இயந்திரம். வாயாற் சொல்லும் எண்ணிலே ஐயம் எழுந்தால் வாதாடலாம்; தன் விரலே தொட்டதென்று காட்டப்படும் பதிவோடு எவர் வாதாடுவர்? அந்த அம்மா சிரித்துவிட்டுப் போனார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

திருத்தம் எளிதே. அரைவட்டத் திருப்பத்துக்கு, புதிய இடம் ஒவ்வொன்றும் 1 இலிருந்து பழையதைக் கழித்தது. இதனை லினக்ஸ் மூன்று வரிகளிலே ஒன்பது எண்கள் கொண்ட தாயமாகக் கேட்கும். முதல் வரி −1, 0, 1. இரண்டாம் வரி 0, −1, 1. மூன்றாம் வரி 0, 0, 1. உயர்தர வகுப்பிலே தாயம் எதற்கென்று கேட்கும் பிள்ளைகளுக்கு இவ்வொன்பது எண்களையும் காட்டுக. புதிய முறைமைகளிலே திரை அமைப்புப் பகுதியிலேயே இரண்டையும் சேர்த்துத் திருப்ப வழியுண்டு; எனினும் சோதியாது நம்பலாகாது.

தமிழ் எழுத்திலும் ஒரு பொறி உண்டு. தமிழ் எழுத்துரு இல்லாதவிடத்து வெறும் கட்டங்கள் தோன்றும். நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் அது தீரும். ஆயின் எழுத்துரு இருந்தும் பிழைக்கும் இடமொன்றுண்டு. யுனிக்கோட்டிலே ‘கொ’ என்பது ககரமும் அதன்பின் ஒகரக்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. எழுதும்போதோ குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னும் மறு பாதி பின்னும் நிற்கவேண்டும். இவ்வொழுங்கு செய்யும் வசதியில்லாத எளிய வரைகருவிகள் குறியை முழுவதும் பின்னே தள்ளிவிடும். ஆகவே ‘கொழுந்து’ என்னும் நம் சொல்லையே சோதனைச் சொல்லாகக் கொள்க. அது சரியாக வந்தால் ஏனையவும் பெரும்பாலும் சரியாகும். நாம் இறுதியிலே இணைய உலாவியைத் திரை முழுதும் விரித்து அதனுள் எழுதினோம். அவ்வொழுங்கை உலாவி தானே செய்துகொள்கிறது.

எஞ்சியது ஈரம். ராகலையின் பனியிலும் மழையிலும் நனைந்த விரலும் துணி சுற்றிய விரலும் இக்கண்ணாடிக்கு விளங்கா. நீர்த்துளியும் மின்கடத்துமாதலின், எவரும் தொடாமலே தொட்டதாகக் கருதவுங் கூடும். இதற்கென வேறு வகைத் திரை உண்டு. மெல்லிய இடைவெளி விட்ட இரு படலங்கள், அழுத்தும்போது ஒன்றையொன்று தொட்டு, இடத்தை மின்னழுத்தத்தால் அறிவிக்கும். தடைத் திரை என்று அதனைச் சொல்லலாம். அது அழுத்தத்தையே அறியுமாதலின் ஈரவிரலோ துணியோ தடையாகாது, மலிவானதுமாகும். படம் அத்துணைத் தெளிவன்று. முதலிலே மூலைகளைத் தொட்டு அளவு பொருத்தவும் வேண்டும். மடுவத்துக்கு நான் பரிந்துரைப்பது அதையே. கண்ணாடித் திரையையே வைப்போர் கூரையின் உட்புறத்திலே மாட்டி, அருகில் உலர்ந்த துணி ஒன்றும் தொங்கவிடுக. எதை மாட்டினாலும், நான்கு மூலைகளையும் இரு பொத்தான்களையும் கொழுந்தெடுக்கும் ஒருவரைக் கொண்டே தொடச்செய்து, பதிவேட்டை அவரோடிருந்து படித்துப் பார்த்த பின்னரே பெட்டியைத் திருகாணியிட்டு மூடுக.