உருமாறிய எழுத்துகள்

தாராவியில் வாழ்ந்த தாத்தா 1998ஆம் ஆண்டு கணினியில் எழுதிவைத்த ஊர் நினைவுகளைப் பேத்தி திறந்தாள். திரையில் ஆங்கில எழுத்துகளும் புரியாத குறிகளுமே தோன்றின. கோப்பு கெட்டதென்று அழிக்க முனைந்தவளை அண்ணன் தடுத்தான்.

அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் பொது முறைகளை ஏற்றது. 2010இல் யூனிகோடை ஏற்றது.

கோப்பு காட்டிய எழுத்துருவை நிறுவியதும் தமிழ் தெரிந்தது. பின்னர் மாற்றிச் செயலியால் அதனை யூனிகோடாக்கினர். சில இடங்களில் மட்டும் கொம்பு தனித்து நின்றது. பழைய முறையில் கொம்பை முதலில் தட்டி, ககரத்தைப் பின்னர் தட்டுவர். யூனிகோடிலோ ககரமே முதலில் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு அல்ல! பேத்தி அவற்றைத் தானே திருத்தினாள். "கெண்டை பிடித்த குளம்" என்று தாத்தாவின் முதல் வரி தெளிந்தது.

பயிற்சி: கொம்பு பெறும் ஐந்து சொற்களைத் தட்டச்சு செய்க.