திரெட் பூலுக்கு அளவு குறிக்கும் முறை

முன்கூட்டியே உருவாக்கி வைத்த திரெட்களின் தொகுப்பே திரெட் பூல். வரும் வேலைகள் க்யூவில் நிற்கும். கை ஒழிந்த திரெட் அடுத்த வேலையை எடுத்துக்கொள்ளும். வேலைக்கு ஒரு திரெட்டை உருவாக்கி அழிக்கும் செலவு இதனால் மிச்சம். இயங்குதளங்களும் இதே வழியில்தான் செல்கின்றன. லினக்ஸ் கர்னலில் 2010-இல் வந்த 2.6.36 பதிப்பு முதல் பின்னணி வேலைகளுக்குப் பொதுவான திரெட் பூல் உண்டு. பிஎஸ் கட்டளை கொடுத்தால் ‘கேவொர்க்கர்’ என்று தொடங்கும் வரிகளாக அவை தெரியும். ஒன்று டிஸ்க்குக்காகக் காத்துத் தூங்கினால், கோர் சும்மா கிடக்காதபடி கர்னல் இன்னொன்றை எழுப்பிவிடும். சாதாரண செயலியின் திரெட் பூலுக்கு இந்தக் கவனிப்பு கிடையாது. அளவை நிரல் எழுதுபவரே குறிக்க வேண்டும்.

மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போல நான்கு மாவட்டக் கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்தும் இடத்தில், முடிவு வெளியாகும் நாளுக்கு 8 கோர் சர்வர் ஒன்றைத் தயார் செய்வதாகக் கொள்ளலாம்.

1. ஒரு கோரிக்கை சிபியுவில் செலவிடும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். இங்கே கணக்கீடு 10 மில்லிசெகண்ட், டேட்டாபேஸ் பதிலுக்கான காத்திருப்பு 40 மில்லிசெகண்ட் எனலாம். உத்தேசமாக எழுதும் எண் உதவாது.

2. காத்திருப்பைக் கணக்கீட்டால் வகுத்து, 1 கூட்டி, கோர்களால் பெருக்க வேண்டும்: 8 × (1 + 4) = 40 திரெட்கள். காத்திருப்பே இல்லாத வேலைக்கு 8 போதும். டேட்டாபேஸ் இணைப்புகள் 20 மட்டுமே என்றால் 40 திரெட்களில் பாதி வரை இணைப்புக்காகவே நிற்கும். ஆகவே இணைப்புகளை முதலில் எண்ண வேண்டும்.

3. க்யூவுக்கு எல்லை வைக்க வேண்டும். பலரும் தடுமாறும் இடம் இது. ஜாவாவில் நிலையான அளவு திரெட் பூலை ஒரே வரியில் உருவாக்கினால், அதன் க்யூ 214 கோடிக்கு மேல் வேலைகளை ஏற்கும். நடைமுறையில் அதற்கு எல்லையே இல்லை. கூட்டம் கூடும்போது நினைவகம் நிரம்பும். அதற்கு முன்பே பதில்கள் பயனற்றுப் போயிருக்கும்: மாணவர் பக்கத்தை மூடிவிட்ட பிறகும் சர்வர் அவருக்காக உழைத்துக்கொண்டிருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. க்யூ நிரம்பினால்தான் ஜாவா கூடுதல் திரெட்களை உருவாக்கும். நிரம்பாத க்யூவோடு அதிகபட்சத் திரெட் எண்ணிக்கையை எவ்வளவு உயர்த்தினாலும் பலன் இல்லை.

தாமிரபரணிக் கால்வாய்களில் நீர் வாங்கும் குளங்களுக்கு மறுகால் இருப்பது கரையைக் காக்கத்தான். க்யூவுக்கும் அப்படியொரு வழி வேண்டும். மேற்சொன்ன 40 திரெட்கள் நொடிக்கு 800 கோரிக்கைகளை முடிக்கும். 2 நொடிக் காத்திருப்பை ஏற்கலாம் என்றால் எல்லை 1,600. அதற்கு மேல் வருவோருக்கு ‘சற்று நேரத்தில் முயல்க’ என்று உடனே சொல்லிவிடுவதே மரியாதை. உள் வேலையானால், அனுப்பிய திரெட்டே அதைச் செய்யும்படி விடலாம். வரத்து தானாகக் குறையும்.

4. ஒரு வேலை, தன் திரெட் பூலுக்கே துணை வேலை அனுப்பி அதன் முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. எல்லாத் திரெட்களும் அப்படிக் காத்திருந்தால் செய்ய ஆள் இராது, சர்வர் உறைந்துவிடும். துணை வேலைக்குத் தனித் திரெட் பூல் வேண்டும்.

5. திரெட்களுக்குப் பெயர் வைக்க வேண்டும். க்யூவின் நீளத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

திரெட் எண்ணிக்கை சற்றுப் பிசகினால் வேகம் குறையும், அவ்வளவுதான். க்யூவுக்கு எல்லை இல்லாவிட்டால் சர்வரே விழும். எல்லை குறிக்காத எந்தத் திரெட் பூலையும் சேவைக்கு அனுப்பக் கூடாது.