பரீட்சைப் படிப்பும் ஞாபக சக்தியும்

மாசி மாதம் பிறந்துவிட்டால், இரவு வெகு நேரம் வரை பிள்ளைகள் பாடம் படிக்கும் குரல் நம் கிராமங்களில் கேட்கத் தொடங்கும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பயில்வோருக்குப் பொதுத் தேர்வு நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். குரல் ஓங்கிக் கேட்டால், பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்று பெற்றோர் மனநிறைவு கொள்கின்றனர். அவனே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தாலோ, "சும்மா உட்கார்ந்திருக்கிறாயே, படிக்கக்கூடாதா?" என்று கடிந்துகொள்கின்றனர். இவ்விரண்டில் எது உண்மையான படிப்பு என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

இது பள்ளி ஆசிரியர் மட்டும் அறிய வேண்டிய விஷயமன்று. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளி இறுதி வகுப்பை எட்டிய பிள்ளை, இரவு பகலாக உழைத்தும் தவறிவிட்டால், "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று முடிவுகட்டி வேலைக்கு அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை. பெண்ணாயிருந்தால் அம்முடிவு இன்னும் விரைவாக வருகிறது. ஆனால் பல சமயங்களில் குறை பிள்ளையின் அறிவில் இல்லை. படித்த முறையிலேயே இருக்கிறது.

மறதியின் இயல்பு

ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் தம்மையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு மறதியை அளந்து, 1885-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார். சில காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் கற்பார். முதல் முறைக்கு ஆன நேரத்தில் எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்கிடுவார். 20 நிமிடத்திற்குப் பின் கற்றபோது 100-க்கு 58 பங்கு நேரம் மிச்சமாயிற்று. ஒரு நாள் கழிந்தபின் 34 பங்கே மிஞ்சியது. 31 நாட்கள் கழிந்த பின்னரோ 21 பங்கு. மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நேர்ந்துவிடுகிறது என்பதும், அதற்குப் பின் அது மெல்ல நடக்கிறது என்பதும் இதனால் விளங்கும். பொருள் விளங்கிப் படித்த பாடம் இவ்வளவு விரைவில் மறப்பதில்லை எனினும், மறதி செல்லும் போக்கு அதேதான்.

அவர் கண்ட மற்றோர் உண்மை விவசாயிகளுக்கு எளிதில் விளங்கக்கூடியது. ஒரு வரிசையை ஒரே நாளில் 68 தடவை சொல்லிப் பழகியதால் கிடைத்த பயன், மூன்று நாட்களுக்குப் பிரித்து மொத்தம் 38 தடவை பழகியதாலேயே கிடைத்துவிட்டது. ஏறக்குறைய பாதி உழைப்பு மிச்சம்! நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுகிறோம். இருக்கும் நீரையெல்லாம் ஒரே நாளில் மடை திறந்துவிட்டு, பின்னர் வயலை மறந்துவிடுபவர் நம்மில் எவரும் இலர். படிப்பில் மட்டும், ஆண்டு முழுவதும் காய்ச்சலும் பரீட்சைக்கு முந்தின இரவு பாய்ச்சலும் என்று நடத்துகிறோம்.

புத்தகத்தை மூடுவதன் பயன்

அமெரிக்காவில் மக்காச்சோளம் விளையும் அயோவா மாநிலத்தில், ஸ்பிட்சர் என்பவர் ஆறாம் வகுப்பு மாணவர் 3,605 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியை 1939-இல் வெளியிட்டார். அம்மாணவர் படித்த கட்டுரைகள் நிலக்கடலையையும் மூங்கிலையும் பற்றியவை. படித்த உடனேயே வினாக்களுக்கு விடையளித்த பிள்ளைகள், வாரங்கள் கடந்த பின்னரும் மற்றவரைவிட அதிகம் நினைவு வைத்திருந்தனர். முதல் சோதனையே வாரக்கணக்கில் தள்ளி வைக்கப்பட்டவர்களுக்கு அது பெரிதும் உதவவில்லை. அதற்குள் பாடத்தின் பெரும்பகுதி மறந்துபோயிருந்தது. சோதனை என்பது கற்றதை அளக்கும் மரக்கால் மட்டுமன்று. கற்பிக்கும் கருவியும் ஆகும் என்பது அதனால் தெரிந்தது.

2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அறிஞர்கள் இதையே கல்லூரி மாணவரிடம் சோதித்தனர். ஒரு பகுதியார் ஒரு சிறு கட்டுரையை நான்கு வேளையும் படித்துக்கொண்டேயிருந்தனர். மற்றொரு பகுதியார் முதல் வேளை மட்டும் படித்துவிட்டு, எஞ்சிய மூன்று வேளையும் தாளைப் பாராமல் நினைவிலிருந்ததை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, படித்துக்கொண்டேயிருந்தவர்களே முந்தினர். அவர்கள் 100-க்கு 83 பங்கும், எழுதிப் பார்த்தவர்கள் 71 பங்கும் சொன்னார்கள். ஒரு வாரம் சென்றபின் நிலைமை தலைகீழாயிற்று. படித்தவர்களிடம் 40 பங்கே நின்றது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 பங்கு நின்றது. இதில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. "ஒரு வாரத்திற்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும்?" என்று முன்னதாகக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே அதிக நம்பிக்கையுடன் பதிலளித்தனர். கண்ணுக்குப் பழகிய பக்கம் மனத்தில் பதிந்துவிட்டதாகத் தோற்றம் தருகிறது. பரீட்சை மண்டபத்தில் "நேற்று நன்றாகத் தெரிந்ததே!" என்று பிள்ளை கலங்குவது பொய்யன்று, அத்தோற்றத்தில் ஏமாந்ததன் விளைவு. பாடம் முழுவதையும் மஞ்சள் மசியால் கோடிட்ட புத்தகங்களையும் பார்க்கிறோம். அது புத்தகத்துக்கு அலங்காரமாகுமே தவிர, நினைவுக்கு உரமாகாது.

ஆகவே, கூரையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் பிள்ளை, சற்றுமுன் படித்ததை உள்ளத்தில் தேடிக்கொண்டிருப்பானாயின், அன்றைய படிப்பில் சிறந்த நேரம் அதுவே. அவனைக் கடியலாகாது.

இது நமக்குப் புதிய செய்தியன்று. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், கேட்ட பாடத்தை மனத்துள் எண்ணிப் பார்ப்பதும், உடன் பயில்வோரோடு பழகுவதும், வினவுவதும், பிறர் வினவியதற்கு விடை சொல்வதும் கற்கும் முறைகளாகக் கூறப்பட்டுள்ளன. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளையிடம் இளையவர்கள் பாடம் ஒப்பித்தனர். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்குக் கையாண்டு, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதினார். அது இங்கிலாந்தில் "சென்னை முறை" என்றே பெயர் பெற்றது. திண்ணைப் பள்ளியின் பிரம்பை நாம் வேண்டோம். ஒப்பித்தலைக் கைவிட்டதுதான் நட்டம்.

வீட்டில் செய்யத்தக்கது

எழுத்தறியாத தாய் தந்தையரும் இதில் பெருந்துணை செய்யலாம். வேலை முடிந்து வந்ததும், "புத்தகத்தை மூடிவிட்டு இன்று படித்ததைச் சொல்லம்மா, கேட்கிறேன்" என்று மகளிடம் சொன்னால் போதும். அவள் எங்கே தடுமாறுகிறாள் என்பது கேட்பவருக்குத் தெரியும்; உடனே புத்தகத்தைத் திறந்து அவளே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இச்சரிபார்த்தல் இன்றேல் தவறே பழக்கமாகிவிடக் கூடும். மகரந்தச் சேர்க்கை என்ற பாடமானால், "நம் சுரைக்கொடியில் இத்தனை பூ பூத்தும் ஏன் எல்லாம் காய் பிடிக்கவில்லை?" என்று தந்தை கேட்கலாம். ஆண் பூ, பெண் பூ என்ற வேற்றுமையை அவர் கொல்லையில் கண்டவர். மகள் நூலில் கண்டவள். அறிந்த ஒன்றோடு முடிச்சிட்ட செய்தி எளிதில் அவிழ்வதில்லை.

இவ்வாறு சொன்ன பாடத்தை மறுநாள் ஒரு முறையும், மூன்று நான்கு நாள் கழித்து ஒரு முறையும், பின்னர் வாரம், மாதம் என்று இடைவெளியை நீட்டியும் நினைவுகூர வேண்டும். நாட்கணக்கில் பிடிவாதம் வேண்டியதில்லை. இடைவெளி விடுவதே முக்கியம். கணக்குப் பாடத்தில், செய்து காட்டிய கணக்கைப் படிப்பது படிப்பாகாது. விடையை மறைத்துவிட்டுத் தானே செய்ய வேண்டும். அதுவும் ஒரே வகைக் கணக்குகளை வரிசையாகச் செய்யாமல், பல பாடங்களின் கணக்குகளையும் கலந்து செய்ய வேண்டும். வினாத்தாளில் அவை கலந்துதானே வருகின்றன.

உறக்கத்தைக் குறைத்துப் படிப்பதும் தவறு. 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இரு மாணவரைச் சோதித்து, கற்றபின் உறங்கியவர் அதே நேரம் விழித்திருந்தவரைவிட அதிகம் நினைவு வைத்திருந்ததைக் கண்டனர். பின்வந்த பல ஆராய்ச்சிகளும் உறக்கத்தின் பயனை உறுதி செய்துள்ளன.

ஊராட்சி செய்யத்தக்கது

ஒரே அறையில் முழுக் குடும்பமும் தொலைக்காட்சியும் இருக்கும் வீட்டில் நினைவுகூர்தல் எளிதன்று. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. பூட்டிக் கிடக்கும் கட்டடமிருந்தால் அதை மாலையில் திறந்து, விளக்கும் பாயும் அமைத்து, முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தொகுத்து வைக்கலாம். ஊரில் படித்த இளைஞர் ஒருவர் பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவரையொருவர் வினவச் செய்தால், பெருஞ்செலவு எதுவும் இல்லை. ஜனவரி 26-ஆம் நாள் கிராம சபையில் இதை முடிவு செய்தால் பரீட்சைக்குமுன் சில வாரங்களாவது கிடைக்கும்.

மாசி, பங்குனித் திருவிழாக்களின் ஒலிபெருக்கி மற்றொரு தொல்லை. பொதுவிடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி இயக்கலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை விலக்கு அளிக்கலாம். விழாக் குழுவினரிடம் முன்கூட்டியே பேசினால் சட்டத்தைக் காட்ட வேண்டிய அவசியமே நேராது. சம்பா அறுவடைக்குப் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ளும் பெற்றோரிடமும் அங்கத்தினர்கள் இதமாகப் பேச வேண்டும். பத்து நாள் இடைவெளி பயிற்சியையே அறுத்துவிடும்.

இத்தனைக்குப் பின்னும் ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் 35 மதிப்பெண் பெறாமல் போகலாம். அப்போது எபிங்ஹாஸின் கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும். மறந்துவிட்டதாகத் தோன்றும் பாடமும் முற்றும் அழிந்துவிடவில்லை; 31 நாட்கள் கழிந்தும் ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாயிற்றல்லவா? தேர்வு முடிவுகளை அடுத்தே துணைத் தேர்வு நடைபெறுகிறது. விண்ணப்பிப்பதற்குத் தரும் நாட்கள் சிலவே. படித்த பள்ளியின் வாயிலாகவே விண்ணப்பிக்கலாம். முடிவு வெளியாகும் நாளிலேயே தலைமையாசிரியரிடம் தேதியைக் கேட்டறிந்து, அந்த வீட்டுக்கு ஊராட்சி அங்கத்தினர் ஒருவர் நேரில் சென்று தெரிவிப்பது நலம்.