கடல் தரவின் பலனைக் கரையில் அளப்பது எப்படி?

ஐதராபாத்தில் 1999-இல் தொடங்கிய இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், மீன் திரளக்கூடிய இடம், அலை உயரம், திடீரெனக் கரையேறிப் பொங்கும் கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை என்று மீனவர்களுக்கு இலவசமாகத் தகவல் தருகிறது. செயற்கைக்கோளும் மிதவையும் கணினியும் பொதுப்பணத்தில் ஓடுபவை. நம் கன்னியாகுமரி மாவட்டக் கரையில், நீரோடிக்கும் சின்னமுட்டத்துக்கும் இடையே யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது நியாயம். மீனவர் சங்கமோ கல்லூரி மாணவர் குழுவோ இதில் இறங்கினால் இப்படிச் செய்யலாம்.

எத்தனை பேருக்குக் குறுஞ்செய்தி போயிற்று என்பதைப் பலன் என்று எழுதாதீர்கள். அது தபால்காரர் கணக்கு. செய்தியைப் பார்த்து யாராவது முடிவை மாற்றினாரா? அதைத்தான் அளக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, யார் எந்த முடிவை எடுக்கிறார் என்று பட்டியல் போடுவது. விடியுமுன் போய் மதியம் திரும்பும் வள்ளக்காரருக்கு மீன் திரளும் இடக் குறிப்பு எரிபொருளை மிச்சமாக்கக்கூடும். தூத்தூர் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சூரையும் சுறாவும் பிடிப்பவர்களுக்குப் புயல் செய்தி நடுக்கடலுக்கு வந்து சேருமா என்பதே பெரிய கேள்வி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது அங்கிருந்த பலருக்கு அது எட்டவில்லை. பட்டியலில் கடலுக்குப் போகாதவர்களும் வேண்டும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் அலை இழுத்து மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரம் அது. கரைக்கு வரும் வெளியூர்க்காரருக்கு யார், எதன் வழியாகச் சொல்கிறார்கள் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

அடுத்தது, சேவையைப் பரப்பும் முன்பே ஒரு பருவத்துக் கணக்கை எடுத்து வைப்பது. பின்னால் ஞாபகத்திலிருந்து கேட்டால் நல்ல மீன்பாடு கிடைத்த நாள் மட்டும்தான் வரும். நம் மாவட்டத்தில் கூடுதலாக ஒரு சிக்கல்: சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதத்தில் இந்த இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் வருவது வெறும் குளறுபடி.

மூன்றாவது, நோட்டு. தேதி, புறப்பட்ட நேரம், குறிப்பைப் பார்த்தாரா, பார்த்தும் அந்தத் திசைக்குப் போனாரா, எரித்த லிட்டர், மீன் வகைவாரியாகக் கிலோ, ஏல விலை. எரிபொருளை ரூபாயில் எழுதாதீர்கள். மானிய மண்ணெண்ணெய்க்கு ஒரு விலை, வெளியில் வாங்கினால் வேறு விலை, லிட்டர் மாறாது. வள்ளத்தில் வருவாய் பங்காகப் பிரிவதால், மிச்சம் உரிமையாளரோடு நின்றதா, கூடப் போனவர்களுக்கும் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

ஒப்பிடும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குறிப்பு வரும் செயலியைத் தவறாமல் பார்ப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டிக்காரக் கடலோடி. அவருக்கு மீன் அதிகம் கிடைத்ததற்குத் தரவுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஒரே நாள், ஒரே துறை, ஒரே திறன் எஞ்சின் என்று இணை சேர்த்து, கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். அதே படகு குறிப்பைப் பின்பற்றிய நாளையும் பின்பற்றாத நாளையும் தனியே வையுங்கள். மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது, குறிப்பும் வராது. அந்த நாள்களை மூன்றாவது பிரிவில் போடுங்கள்.

எச்சரிக்கைக்கு நான்கு கட்டம் போதும்: சொன்னார்கள், கடல் பொங்கியது; சொன்னார்கள், பொங்கவில்லை; சொல்லவில்லை, பொங்கியது; இரண்டும் இல்லை. இரண்டாவது கட்டத்தில் விழும் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டின் கூலி. அது பெருகினால் அடுத்த எச்சரிக்கையை யாரும் மதிக்கமாட்டார்கள். அந்த இழப்பைக் கழிக்காமல் பலனைக் கூட்டக்கூடாது. சாளைக் குஞ்சு வலையில் அள்ளி வந்த நாளையும் கழித்தல் பக்கத்தில் எழுதுங்கள். மீன் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிவதில் இப்படியும் ஒரு விளைவு உண்டு.

பணமாக மாற்றுவது கடைசியில். தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழுமம் 2010, 2015 ஆண்டுகளில் நாடு தழுவிய மதிப்பீடுகளைச் செய்தது. அதைப் பார்த்து, ஒரு துறையில் கிடைத்த எண்ணை நாட்டுக்கே பெருக்கும் ஆசை உங்களுக்கும் வரும்; அடக்கிக்கொள்ளுங்கள். உயிருக்கு விலை போடாமல், திரும்பி வந்த படகுகளின் எண்ணிக்கையை அப்படியே தருவது நல்லது.

முடிவை முதலில் ஏலக்கூடத்தில் வாசித்துக் காட்டுங்கள். தப்பான வரியை அங்கேயே பிடித்துவிடுவார்கள். திருத்திய பிறகு ஐதராபாத்துக்கு அனுப்பலாம்.